குளிப்பாட்டும்போது அவள் சொன்னது

மலாக்காவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவத்தைவிடப் பிரசவம் முடிந்த பிறகு வரும் நாட்கள்தான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தன. பிரசவத்தில் எது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரத்தம் அதிகம் போனால் இது, பிள்ளை அழாவிட்டால் அது என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருந்தது. பிள்ளை பிறந்து, வீடு அடங்கி, வந்த சொந்தக்காரர்கள் போன பிறகு, ஒரு பெண் என் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொள்வாளே, அந்த நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எங்களை எல்லாரும் மிஸி என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி நர்சும் மிஸிதான், வீடு வீடாகப் போகும் மருத்துவச்சியும் மிஸிதான். நான் இரண்டாவது வகை. சுகாதார நிலையத்தில் கொடுத்த சைக்கிளில், பின்னால் தோல் பையைக் கட்டிக்கொண்டு, காஜா பெராங் பக்கத்து வீடுகளுக்குப் போவேன். பிள்ளையைக் குளிப்பாட்டுவேன், தொப்புளைப் பார்ப்பேன், தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. "பெத்துப் பாக்காதவளுக்கு என்னா தெரியும்?" என்று என் காதுபடவே சொல்லும் கிழவிகள் இருந்தார்கள். நான் வெந்நீர் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

மெர்டேக்கா, சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடம் அது. கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் ஒரு நீளமான பலகை வீடு. முன்பாதியில் வீட்டுக்காரி குடியிருந்தார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழிவந்த செட்டி இனத்துப் பெண்மணி. சாரோங்கும் கெபாயாவும் கட்டி, நெற்றியில் திருநீறு வைத்திருப்பார். முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுவார், பேசுவது மட்டும் மலாய். நான் அவரை மலாய்க்காரர்கள் பெரிய பெண்களைக் கூப்பிடுவது போல மாக்சிக் என்று கூப்பிட்டேன். பின்பாதி ஓர் அறையையும் ஒரு சமையற்கட்டையும் ஒரு பஸ் கண்டக்டருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்தக் கண்டக்டரின் மனைவிக்குத்தான் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. சுகப்பிரசவம், நானே பார்த்தது.

அந்தப் பெண் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். டவுனுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மலாய் அவ்வளவாக வராது. பிரசவத்துக்கு மாமியார் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். பிரசவ மருந்தான காயம் இடிப்பதும், வெந்நீர் ஊற்றுவதும், மீன் கூடாது, முட்டை கூடாது என்று பத்தியம் வைப்பதும் எல்லாம் அவர்தான். முன்பாதியிலிருந்து மாக்சிக் மிளகு போட்ட கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்தால் மாமியார் அதை வாங்கி மூடி வைத்துவிடுவார். நடுவில் அந்தப் பெண் யார் எதைக் கொடுத்தாலும் தின்று, யார் என்ன சொன்னாலும் தலையாட்டி, கட்டிலோரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

முதலில் நான் கவனித்தது ஒன்றே ஒன்றுதான். அவள் குழந்தையைக் குளிப்பாட்டப் பழகவில்லை. நாங்கள் முதல் சில தரம் குளிப்பாட்டிக் காட்டுவோம், பிறகு தாய் செய்வாள், நாங்கள் பக்கத்தில் நிற்போம். அதுதான் வழக்கம். நான் பேசினில் வெந்நீரை விளாவிவிட்டு "வாம்மா, இன்னிக்கு நீ" என்றால், "நீங்களே செஞ்சிடுங்க மிஸி" என்பாள். மறுநாளும் அதையே சொல்வாள். மாமியார், "அவளுக்குப் பயம் மிஸி, நான் பாத்துக்கிறேன்" என்பார். தலைப்பிள்ளைக்காரிகள் பலர் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

தோட்டத்தில் லீவு முடிந்து மாமியார் பால் வெட்டப் போய்விட்டார். அதற்கு மறுநாள் நான் போனபோது முன்வாசலில் மாக்சிக் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"மிஸி, அந்தப் பெண் நேற்று தன் வீட்டு அரிவாள்மனையையும் கத்தியையும் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். வைத்துக்கொள் என்று கையால் காட்டினாள். பிறகு கிணற்றைக் காட்டி, மூடு, மூடு என்றாள். என் மகனை விட்டுப் பலகை போட்டு மேலே கல் தூக்கி வைத்தேன். என்னவென்று கேட்டால் அழுகிறாள். ஏதாவது காற்று கருப்பு அண்டிவிட்டதா?"

"நான் பார்க்கிறேன், மாக்சிக்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். போகும் வழியில் கிணறு. பலகையும் கல்லும் இருந்தன. தண்ணீர் இறைக்கிற வாளி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது.

அறைக்குள் அவ்வளவு புழுக்கத்திலும் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள். தலை வாரவில்லை. குழந்தை தொட்டிலில் தூங்காமல் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து, அறையில் எவ்வளவு தூரம் தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, தூங்கினியா?" என்றேன்.

"ம்."

தூங்கியிருக்க மாட்டாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. என் வாயில் வரிசையாக வார்த்தைகள் வந்து நின்றன. ஏன் கத்தியைக் கொடுத்தாய், கிணற்றை ஏன் மூடச் சொன்னாய், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டுவிடத் துடித்தேன். கேட்டால் சொல்ல மாட்டாள் என்றும் தோன்றியது. சொல்லிவிட்டால் அதன்பிறகு நான் என்ன செய்வேன் என்றும் பயமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் வெந்நீர் போட்டேன். பேசினைத் தரையில் வைத்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து, குழந்தையின் துணியைக் கழற்றினேன். முதுகைக் காட்டியது யோசித்துச் செய்ததல்ல. வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் கண்ணுக்குக் கண் பார்க்காத அந்த இருப்புதான் அவளைப் பேச வைத்தது என்று இன்றுவரை நம்புகிறேன்.

குழந்தையின் தலையில் தண்ணீரை வழித்துவிடும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மிஸி, நான் ஒன்னு சொன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"மாட்டேன்" என்ற சொல் நுனிநாக்குவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவள் உடனே பேசியிருப்பாள். ஆனால் அந்தப் பலகையும் கல்லும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் சொல்லப்போவது நான் ஒருத்தியாகச் சுமக்கக்கூடியதாக இல்லாவிட்டால்? அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அவள் மறுபடியும் யாரிடமாவது வாயைத் திறப்பாளா?

"அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. "உனக்கோ பிள்ளைக்கோ ஆபத்துன்னா நான் ஒத்த ஆளா வச்சுக்க முடியாது. ஆனா உனக்குத் தெரியாம, உன்னைக் கேக்காம, யாருகிட்டயும் போய் நிக்க மாட்டேன். அது சத்தியம்."

குழந்தையைத் துவட்டினேன், பவுடர் போட்டேன்.

"ஒன்னும் இல்ல மிஸி. சும்மாதான்" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டதை உணர்ந்தேன். ஒரு பொய் சொல்லியிருந்தால் திறந்திருக்கும் கதவு. எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. இருக்கவும் காரணம் வேண்டுமே. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மூலையில் கிடந்த பிள்ளைத்துணிகளை எடுத்து அந்தப் பேசின் தண்ணீரிலேயே ஒவ்வொன்றாக அலசத் தொடங்கினேன். அது என் வேலை இல்லை. அவளுக்கும் தெரியும். "வேணாம் மிஸி" என்று ஒரு தரம் சொன்னாள். "இருக்கட்டும், கை நனைஞ்சுதானே கெடக்கு" என்றேன். பக்கத்துக் கோயிலில் யாரோ மணி அடித்தார்கள். ஒரு துணியைப் பிழிந்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தபோது அவள் பேச ஆரம்பித்தாள்.

"கெணத்துப் பக்கம் பிள்ளைய தூக்கிட்டுப் போனா, என் கை தானா போட்டுடும் போல இருக்கு மிஸி. நான் போட மாட்டேன். எனக்கு அவ மேல உசுரு. ஆனா போட்டுடுற மாதிரியே கண்ணு முன்னாடி வருது. கத்தியப் பாத்தாலும் அப்படித்தான். அதான் எல்லாத்தையும் குடுத்துட்டேன். தொட்டில் பக்கமே போறதில்ல. பால் குடுக்கும்போது கண்ண மூடிக்கிறேன்."

என் மடியில் குழந்தை கொட்டாவி விட்டது. "சீ, வாயை மூடு, அப்படியெல்லாம் சொல்லாதே" என்று எனக்குள் ஒருத்தி அலறினாள். நான் அலசுவதை நிறுத்தவில்லை. ஏனென்றால் அவளால் என் முகத்தைப் பார்க்க முடியாது, என் கைகளின் அசைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அலசும் கை நின்றால், நான் குழந்தையை இறுக்கிப் பிடித்தால், அவளிடமிருந்து அதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துவிடுவாள்.

"உன் கை போட்டுடுமோன்னு பயமா இருக்கு. அதனால பிள்ளைய விட்டுத் தள்ளித் தள்ளிப் போற" என்றேன். அவள் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

"ஆமா மிஸி." அவள் குரல் உடைந்தது. "ஆமா. அதான். அதேதான்."

"எப்போலேருந்து?"

"பொறந்து கொஞ்ச நாள்லேயே. அத்தை இருந்தாங்க, பிள்ளைய அவங்க வச்சுக்கிட்டாங்க. இப்ப யாரும் இல்ல."

"உங்க அத்தைகிட்ட சொன்னியா?"

"சொல்ல ஆரம்பிச்சேன். 'தாயி மாதிரி பேசு'ன்னாங்க."

கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்று பயந்தேன். கேட்காமல் சைக்கிளில் ஏறிப் போவதை நினைத்தபோது அதைவிடப் பயமாக இருந்தது. குழந்தையை எடுத்துக்கொண்டு முதல் முறையாகத் திரும்பி அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"நீ செத்துப்போகணும்னு தோணுதாம்மா?"

அவள் அதிர்ச்சி அடையவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் போல என்னைப் பார்த்தாள்.

"நான் இல்லாட்டி பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்ல" என்றாள். "நேத்து அந்தக் கல்ல நவுத்திப் பாத்தேன். நவுரல."

அப்போது பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் புருஷன். மத்தியானம் இரண்டு டிரிப்புக்கு நடுவில் சாப்பிட வந்திருந்தான். காக்கிச் சட்டை, இடுப்பில் டிக்கட் பை. நல்ல மனுஷன். பிரசவத்தன்று வாசலில் நின்று அழுதவன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மனைவியின் கண்ணீரைப் பார்த்ததும் மலர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

"என்னா மிஸி, அழுவுறாளா? ஒன்னும் இல்ல லா. ஆத்தா ஊருக்குப் போயிட்டாங்கல்ல, அதான். நான் ஞாயித்துக்கெழம பண்டார் ஹிலிர் பக்கம் கூட்டிட்டுப் போறேன், கடற்காத்து வாங்குனா சரியாயிடும். மெர்டேக்காவுக்கு வெளக்கெல்லாம் கட்டுறாங்க. நல்லா சாப்பிடச் சொல்லுங்க. ரத்தம் இல்ல, அவ்ளோதான்."

அவன் பேசப் பேச அவள் சுருங்கிக்கொண்டே போனாள். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடக் கெட்ட சொல் இல்லை. எல்லாமே பாசம்தான். ஆனால் ஒவ்வொரு ஆறுதலும் அவள் மேல் ஒரு பலகையாக விழுந்தது.

நான் அவள் பக்கம் குனிந்து கேட்டேன். "இவர்கிட்ட சொல்லணும்மா. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்க ஆரம்பிங்க" என்றாள்.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க" என்றேன். "அவ ஒன்னு சொல்லப் போறா. கேக்க சுசாவா, கஷ்டமா இருக்கும். நீங்க பதில் சொல்ல வேணாம். கேளுங்க, போதும்."

அவன் டிக்கட் பையைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்தான். கிணற்றைப் பற்றி நான் ஒரு வாக்கியம் சொன்னேன். சிரித்தான். பயத்தில் வருகிற சிரிப்பு. "என்னா மிஸி வெளையாடுறீங்க?" என்றான். பிறகு முகம் இருண்டு, "நான் இவளுக்கு என்னா கொற வச்சேன்?" என்று எழப் பார்த்தான். நான் கையை மட்டும் காட்டினேன். உட்கார்ந்தான். மிச்சத்தை அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நடுநடுவே அவன் "அதெல்லாம்..." என்று ஆரம்பிப்பான், என்னைப் பார்ப்பான், நிறுத்திக்கொள்வான். கல்லை நகர்த்திப் பார்த்ததை அவள் சொன்னபோது அவன் விரல்கள் பையின் பித்தளைக் கொக்கியைத் திறந்து திறந்து மூடின.

அவள் முடித்தாள். எங்கே திட்டிவிடுவானோ, எங்கே பூசாரியிடம் ஓடுவானோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவன் கேட்டான்:

"அப்ப நான் பஸ்ல டிக்கட் கிழிச்சிட்டு நின்ன நேரமெல்லாம் நீ இங்க தனியா இத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா?"

அவள் அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள். அதுவரை வந்தது வெறும் கண்ணீர். அவன் தரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

ஆனால் பேசிவிட்டதால் எதுவும் தீர்ந்துவிடவில்லை. அவன் அடுத்த டிரிப்புக்குப் போக வேண்டும், போகாவிட்டால் வேலை போகும். நான் சுகாதார நிலையத்துக்குப் போய் என் மேலதிகாரியான பெரிய மிஸியிடம் சொல்லியாக வேண்டும். அவளைத் தனியாக விட முடியாது. "மாக்சிக்க உக்காரச் சொல்லலாமா? அவங்ககிட்ட எவ்வளவு சொல்லணும்?" என்று அவளிடமே கேட்டேன். "தனியா இருக்க பயம்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அதைத்தான் சொன்னேன்.

மாக்சிக் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் பாயையும் சம்பல் இடிக்கும் கல்லையும் தூக்கிக்கொண்டு வந்து, அந்த அறை வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்துவிட்டார். மிளகாயைக் கல்லில் போடும் முன் தன் நெஞ்சில் கை வைத்து "தாக்குட்?" என்றார். பயமா என்று அர்த்தம். தோட்டத்துப் பெண்ணுக்குத் தெரிந்த சில மலாய்ச் சொற்களில் அதுவும் ஒன்று. "தாக்குட்" என்று அவளும் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மாக்சிக் தலையாட்டிவிட்டு இடிக்கத் தொடங்கினார். பயப்படாதே என்று சொல்லவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

சுகாதார நிலையத்தில் பெரிய மிஸி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதெல்லாம் அவளாகச் சொன்னதா, நீ கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்ததா?" என்றார். சொல்ல வைத்ததாக இருக்குமோ என்று அந்த நொடியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "செத்துப்போகணும்னு தோணுதான்னு மட்டும் நான் கேட்டேன். மிச்சம் அவளாச் சொன்னது" என்றேன். "காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வா. பெண் டாக்டர் இருப்பார். அதுவரை அவளை யாரும் தனியாக விடக்கூடாது" என்றார். இரவு யார் இருப்பது என்று கேட்டதற்கு, புருஷன்தான் என்றார். மாலை மறுபடியும் போய் அவனிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் பாயைக் கதவுக்குக் குறுக்கே போட்டிருந்தான். மாக்சிக் இரவுக்கும் அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் வழக்கத்துக்கு முன்பாகவே கிளம்பினேன். இரவெல்லாம் தூங்கவில்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாதோ, அங்கேயே இருந்திருக்க வேண்டுமோ என்று மாற்றி மாற்றி நினைத்து விடிந்திருந்தது. காஜா பெராங் சாலையில் திரும்பியதும் அந்தச் சந்து முனையில் கூட்டம் தெரிந்தது. ஆண்கள் கூடி நின்றார்கள். யாரோ உரக்கக் கத்தினார்கள். ஒருவர் கயிறு கொண்டு ஓடினார். கிணற்றில் இறங்கத்தான் கயிறு என்று நினைத்துவிட்டேன். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தோரணவாயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுதந்திரத்துக்காகக் கோயில் பக்கத்தில் மூங்கிலால் ஒரு வளைவு. ஒரு பக்கத்து மூங்கில் சாய்ந்துவிட, அதை இழுத்துப் பிடிக்கக் கயிறு. "என்ன மிஸி, எங்கே பிரசவம்?" என்று மலாயில் ஒருவர் கேட்டார். நான் சைக்கிளை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு அந்தப் பலகை வீட்டுக்குப் போனேன்.

அவள் தயாராக இருந்தாள். தலை வாரியிருந்தாள். புருஷன் அன்று வேலைக்குப் போகவில்லை. வாடகைக் காரில் குழந்தையோடு போனோம். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது, நான்தான் இடையில் நின்று சொன்னேன். அவள் சொல்வதைக் குறைத்தும் சொல்லாமல் கூட்டியும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் "என் கை" என்றால் நானும் "என் கை" என்றே சொன்னேன். டாக்டர் ஒன்றும் அதிர்ச்சி காட்டவில்லை. பிரசவத்துக்குப் பின் சிலருக்கு இப்படி வரும், இது நோய், குணமாகும், பயந்து தள்ளிப் போகிறவள் கெட்ட தாய் இல்லை என்று சொல்லச் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது அவள், "இன்னொரு தரம் சொல்லுங்க மிஸி" என்றாள்.

தாயையும் பிள்ளையையும் பிரசவ வார்டின் ஓரத்தில் இருந்த ஓர் அறையில் சேர்த்துக்கொண்டார்கள். தூங்க மருந்து கொடுத்தார்கள். எப்போதும் ஒரு ஆள் பார்வையில் இருந்தாள். புருஷன் டிரிப்புக்கு நடுவில் வந்து போனான். மாக்சிக் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தார்.

அந்த வாரமே மாமியார் தோட்டத்திலிருந்து நேராக சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டார். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மிஸி, என் மருமகளப் பைத்தியம்னு ஆஸ்பத்திரியில போட்டுட்டீங்களாமே? நல்லாத்தானே விட்டுட்டுப் போனேன்? நீங்க என்னத்தக் கேட்டுத் தொலச்சீங்க அவகிட்ட?"

வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பைத்தியம் இல்லை, நோய் என்று விளக்க வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. மேலும் மேலும் சத்தம் போட்டார். அப்போது எனக்கு ஒன்று பட்டது. இந்த அம்மாவும் பயந்துதான் போயிருக்கிறார். அவரை உள் அறைக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"சொல்லுங்கம்மா. ஊர்ல என்ன சொல்றாங்க?"

"என்னா சொல்லுவாங்க? கிறுக்கச்சி பெத்த பிள்ளன்னு சொல்லுவாங்க. நாளைக்கு அந்தக் கொழந்தைய எவன் கட்டுவான்?"

"வேற என்ன பயம்?"

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அவ ஒரு தரம் சொல்ல வந்தா மிஸி. நான் கேக்கல" என்றார். பிறகு, "பால் குடிக்குதா?" என்று கேட்டார். குடிக்கிறது என்றேன். "என்னைப் பாக்க விடுவாங்களா?" விடுவார்கள் என்றேன். நான் சொன்ன பதில்கள் அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கொண்டுவந்திருந்த காயப் பொட்டலத்தை விடாமல் பிடித்திருந்தார்.

சுதந்திர நாளன்று அவள் இன்னும் வார்டில்தான் இருந்தாள். தூரத்தில் ஜனங்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஆட்கள் பலரும் ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள். நான் அவளைப் பார்க்கப் போனபோது அவள் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். இரண்டு கையாலும், கண்ணைத் திறந்துகொண்டு. "இன்னும் அந்த நெனப்பு வருதா?" என்று கேட்டேன். "வருது" என்றாள். "ஆனா வந்தா வந்துருச்சுன்னு சொல்றேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட, இல்லாட்டி இங்க மிஸிகிட்ட. சொன்னா கொஞ்சம் தள்ளி நிக்குது."

வீட்டுக்குப் போன பிறகும் அது ஒரேயடியாகப் போய்விடவில்லை. மாமியார் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து கூட இருந்தார். நல்ல வாரங்களும் மோசமான வாரங்களுமாகப் போய், குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில்தான் அவள் முகத்தில் மறுபடியும் களை வந்தது. ஒரு நாள் பசாரில் பார்த்தேன். மீன்காரனிடம் மலாயில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள், அதுவும் மாக்சிக்கின் இழுவையோடு. "அன்னிக்கு நீங்க என்னா சொன்னீங்கன்னு எனக்கு ஒன்னும் நெனப்பில்ல மிஸி" என்றாள் சிரித்துக்கொண்டே. நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அலசிய துணிகள்தான் ஞாபகம் வந்தன.

அந்த வேலையில் பிறகும் பல வருடங்கள் இருந்தேன். யாராவது ஒரு பெண் வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டால் அதே பயம் வரும். அனுபவம் வந்ததும் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. எல்லா வீட்டிலும் கதை இப்படி முடியவும் இல்லை. சிலர் "ஒன்னும் இல்ல" என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். எவ்வளவு துணி அலசியும் பேசவில்லை. அவர்களை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

கண்டக்டர் பிறகு டிரைவர் ஆனான். குடும்பம் பாச்சாங் பக்கம் தனி வீட்டுக்குப் போனது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் என்று தெரிந்ததும் அவன்தான் என்னைத் தேடி வந்தான், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. "திரும்பவும் வருமா மிஸி?" என்றான். வரலாம், வராமலும் இருக்கலாம் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, யார் யார் எந்த நேரம் வீட்டில் இருப்பது என்று என்னோடு உட்கார்ந்து பேசினான்.

பையன் பிறந்தான். சில நாட்களில் ஒரு காலை, மாமியார் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சுகாதார நிலைய வாசலில் நின்றார்.

"அந்த நெனப்பு கொஞ்சம் வந்துருச்சாம் மிஸி. அவளேதான் போயிச் சொல்லச் சொன்னா. என் மகன் அவ பக்கத்துல இருக்கான்."

நான் பையை எடுத்துச் சைக்கிளில் கட்டினேன்.